பணம் போட்டவர் யார்?

தமிழ்நாட்டில் 2006 முதல் கூட்டுறவுக் கடன்கள் பல முறை பெரிய அளவில் தள்ளுபடி ஆகியிருக்கின்றன. 2006-ல் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் பயிர்க்கடன். 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் கடன், மதிப்பீடு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பாக, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடியது. வரவேற்றவர்கள் வறட்சியையும் விலைவீழ்ச்சியையும் சொன்னார்கள். எதிர்த்தவர்கள், ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா என்று கேட்டார்கள். இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஊர்ச் சங்கத்தில் கடனாகக் கொடுக்கப்பட்ட அந்தப் பணம் முதலில் யாருடையது?

கடன் சங்கம் உலகில் எங்கெல்லாம் நிலைத்து நின்றதோ, அங்கெல்லாம் அது முதலில் சேமிப்புச் சங்கமாகத்தான் இருந்தது. ஓர் உறுப்பினர் மாதாமாதம் போட்ட பணம் இன்னோர் உறுப்பினருக்குக் கடனாகப் போனது. திருப்பிக் கட்டாதவன் யார் பணத்தை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நம் கிராமச் சங்கங்களில் இந்த வரிசை மாறிப்போனது. பணம் சென்னையிலிருந்தும் அதற்கும் மேலிருந்தும் மாவட்டத் தலைநகர் வழியாக ஊருக்கு இறங்குகிறது; உறுப்பினர் அதை வாங்க மட்டும் வருகிறார். தள்ளுபடி, போலி நகை, பினாமிக் கடன், நடக்காத தேர்தல் என்று நாம் தனித்தனியாகத் திட்டும் நோய்கள் பலவும் இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை என்பது என் வாதம்.

இதன் தொடக்கம் ஜெர்மனியில். ரைன் பகுதியில் சிற்றூர் மேயராக இருந்த பிரீட்ரிஷ் ரைஃபைசன் 1846-47 பஞ்சத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார். பிறகும் சில ஆண்டுகள் தருமத்தை நம்பியே சங்கங்கள் நடத்தினார். கொடுப்பவர்களின் உற்சாகம் வடிந்ததும் அவை தளர்ந்தன. 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய சங்கம் வேறு மாதிரி. கடன் வாங்குகிறவர் உறுப்பினராக வேண்டும். எல்லை ஒரு சின்ன வட்டாரம். நட்டம் வந்தால் உறுப்பினர் அனைவரும் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. தருமம் தோற்ற இடத்தில் பொறுப்பு நின்றது. மதராஸ் மாகாண அரசு 1892-ல் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை இந்த ஏற்பாட்டை ஆராயப் பணித்தது. 1895-லும் 1897-லும் வெளிவந்த அவருடைய இரண்டு பாக அறிக்கை ரைஃபைசன் வழியைப் பரிந்துரைத்தது. உள்ளூரில் ஏற்கெனவே மாதச் சந்தா போட்டு, அதிலிருந்தே கடன் எடுத்துவந்த நிதிகளையும் அது விரிவாகக் கவனித்தது. மயிலாப்பூரில் 1872-லேயே அப்படி ஒரு நிதி பிறந்துவிட்டது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கிராமச் சங்கமும் காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாயின. சேமிக்கத் தெரியாத மக்களுக்கு வெளியூர் யோசனை ஒன்று இறக்குமதியானது என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

இந்தியச் சங்கங்களைப் பார்த்து அமெரிக்காவும் கற்றுக்கொண்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பாஸ்டன் நகரத்துப் பெருங்கடை முதலாளி எட்வர்டு ஃபைலீன் 1907-ல் உலகம் சுற்ற வந்தபோது வங்காளத்தில் கிராமக் கடன் சங்கங்களை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியதும் அதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் இயற்றியது. கனடாவின் லெவி நகரில் 1900-லேயே ஒரு சங்கத்தைத் தொடங்கி நடத்திவந்த அல்ஃபோன்ஸ் தெஜார்தேன் அமெரிக்கர்களுக்கு வழிகாட்டினார். 1934-ல் கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது. இன்று அங்கே கிரெடிட் யூனியன் உறுப்பினர்கள் 14 கோடிக்கும் மேல். அங்கே கணக்குத் தொடங்குவதும் உறுப்பினராவதும் ஒரே செயல். முதலில் போடும் சிறு தொகைதான் பங்கு. அந்தப் பங்குக்கு ஒரு வாக்கு. இலட்சம் டாலர் போட்டவருக்கும் அதே ஒரு வாக்குதான். கடன் கொடுக்க வெளியில் கை நீட்டுவது அரிது. உறுப்பினர் வைப்பே முதல். கூட்டாட்சிச் சங்கங்களின் கடன் வட்டிக்கு 18 சதவீதம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. கிரெடிட் கார்டு வட்டி அதைத் தாண்டிப் பறக்கும் நாட்டில் இது சிறிய காரியமல்ல.

ஒரே விதை இரண்டு நாட்டில் விழுந்து இரண்டு விதமாக வளர்ந்தது ஏன்? விடை 1954-ல் இருக்கிறது. ஏ.டி.கோர்வாலா தலைமையிலான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு அந்த ஆண்டு தந்த கணக்கு அதிர்ச்சியூட்டியது. 1951-52-ல் விவசாயிகள் வாங்கிய கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து. கூட்டுறவுகளின் பங்கு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஐம்பது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். வட்டிக்காரரும் நிலக்கிழாரும் வியாபாரியும் ஒரே ஆளாக இருக்கும் ஊரில் எளியவர்களின் சங்கம் தனியாக நின்று ஜெயிக்காது, அரசு பங்குதாரராக உள்ளே வர வேண்டும் என்றது குழு. நோயை அது சரியாகத்தான் கண்டுபிடித்தது. மருந்து வேறு வேலை செய்துவிட்டது. அரசின் பங்கு மூலதனம் வந்தது. ரிசர்வ் வங்கியின் மறுகடன் வந்தது. 1982-க்குப் பிறகு அந்தப் பொறுப்பு வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டிடம் போனது. மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பணம் படி இறங்கியது. கடன் பெருகியது; வட்டிக்காரரின் பிடி ஓரளவு தளர்ந்ததும் உண்மை. கூடவே சங்கச் செயலாளர் ஊரைப் பார்த்து வேலை செய்வதை நிறுத்தி, மேலே இருக்கும் கூட்டுறவு சார்பதிவாளரைப் பார்க்கத் தொடங்கினார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் கண் போகும்.

இன்று தமிழ்நாட்டில் சுமார் 4,500 தொடக்கச் சங்கங்கள் இருக்கின்றன. கிராமத்தில் சொசைட்டி என்றால் உரம், ரேஷன், பயிர்க்கடன், நகைக்கடன். வைப்பே இல்லை என்று சொல்ல முடியாது; வங்கிக்கு இணையாக வைப்பு திரட்டும் சங்கங்கள் சில ஊர்களில் உண்டு. ஆனாலும் பொது வழக்கம் கடன் வாங்கப் போவதுதான். சிட்டா, அடங்கல் கொண்டுபோனால் பயிர்க்கடன். வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் அந்த வட்டியையும் அரசே ஏற்றுக்கொள்ளும். விவசாயிக்கு இது பெரிய உதவி, அதை மறுக்க வேண்டியதில்லை. சங்கத்தின் பார்வையில் பார்த்தால் கதை வேறு. அதன் வருமானம் மேலிருந்து வாங்கி கீழே கொடுக்கும் இடைவெளியில் கிடைக்கும் சொற்ப வட்டி. அதிலும் ஒரு பகுதி அரசு மானியமாக எப்போது வருமோ அப்போதுதான். தள்ளுபடி அறிவிப்பு மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடும். அதற்கான ஈட்டுத்தொகை சங்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் தவணை தவணையாக வரும்.

நகைக்கடன்தான் இதில் வேடிக்கையான பகுதி. சங்கக் கதவைத் தட்டுகிறவர் கையில் சேமிப்பு இல்லாமல் வரவில்லை. பவுனாக எடுத்துக்கொண்டு வருகிறார். அது பல ஆண்டு சேமிப்பு. அந்தச் சேமிப்பைப் பெட்டகத்தில் சும்மா பூட்டிவைத்துவிட்டு, மாவட்ட மத்திய வங்கியில் கடன் வாங்கி அவருக்குக் கொடுக்கிறது சங்கம். குடும்பங்கள் தங்கத்தில் போடுவதில் ஒரு பங்கு, ஏலச்சீட்டில் போடுவதில் ஒரு பங்கு சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் விழுந்திருந்தால், அந்த நகைக்கடனில் பாதிக்கு அவசியமே இருந்திருக்காது. 2021 தள்ளுபடியின்போது நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆராயப்பட்ட 48 லட்சத்துக்கும் அதிகமான நகைக்கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. ஒரே ஆள் பல கடன் எடுத்திருந்ததும், போலி நகைக்குப் பணம் கொடுக்கப்பட்டதும் வெளியே வந்தன. தள்ளுபடி வரும் என்ற வாக்குறுதி காற்றில் வந்தவுடனே அடகு வைக்க ஓடியவர்களும் உண்டு. இதையெல்லாம் கண்டுபிடிக்க அரசாணையும் சிறப்புக் குழுக்களும் தேவைப்பட்டன. தங்கள் பணம் உள்ளே இருந்திருந்தால் அண்டை வீட்டுக்காரர்களே கண்டுபிடித்திருப்பார்கள், அதுவும் முதல் வாரத்திலேயே.

இது வெறும் ஊகமா? அதே கூட்டுறவுத் துறையின் கீழ், அதே 1983-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், இன்னொரு வகைச் சங்கம் நம் கண்முன்னே இருக்கிறது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வைத்திருக்கும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்தான் அது. சம்பளத்தில் மாதாமாதம் சிக்கனச் சேமிப்பு பிடிக்கிறார்கள். அதைப் பொறுத்துக் கடன் தருகிறார்கள். உடன் வேலை செய்பவர் ஜாமீன் போடுகிறார். தவணையும் சம்பளத்திலேயே கழிகிறது. வரவேற்பறையில் அமைச்சர் படம் இருக்கலாம், ஆனால் இந்தச் சங்கங்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதுவதில்லை. கேட்பாரும் இல்லை. பொதுக்குழுக் கூட்டம் என்றால் டிவிடெண்ட் எவ்வளவு, கடன் வட்டி ஏன் இவ்வளவு என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் ஆரோக்கியம். இவற்றுக்கும் குறை உண்டு. உறுப்பினர் தேவைக்குச் சொந்த நிதி போதாமல் மத்திய வங்கியிடம் வாங்குகிறார்கள். ஊழியரிடம் பிடித்த பணத்தை நிர்வாகம் சங்கத்துக்குக் கட்டாமல் இழுத்தடிப்பது அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார். ஆனால் அந்தப் புகாரே நான் சொல்வதற்குச் சாட்சி. பணம் போட்டவன் என்பதால்தான் ஊழியன் கேட்கிறான், வழக்குப் போடுகிறான்.

மாதச் சம்பளக்காரனுக்குச் சரி, கூலி வேலை செய்கிறவன் எதைச் சேமிப்பான் என்று உடனே எதிர்க்கேள்வி வரும். இதற்கு விடையைத் தமிழ்நாட்டுப் பெண்கள் சொல்லி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களில் முதல் வேலையே சேமிப்புதான். வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போட்டு, சில மாதங்கள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிக் கணக்கு நோட்டைக் காட்டிய பிறகுதான் வங்கி கடன் தந்தது. நபார்டு 1992-ல் வெறும் 500 குழுக்களை வைத்துத் தொடங்கிய இணைப்புத் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. ஏழைகள் சேமிப்பதில்லை என்பது ஏழைகளை அறியாதவர்களின் பேச்சு. அவர்கள் சீட்டுக் கட்டுகிறார்கள், குண்டுமணித் தங்கம் வாங்குகிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள். ஊர்க்காரர் நடத்தும் சீட்டில் போட்டுவிட்டு, அவர் ஓடிப்போனால் காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள். வருமானம் ஒழுங்கற்றது என்பதால்தான் எப்போது வேண்டுமானாலும் போட்டு எடுக்கக்கூடிய இடம் அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. சொசைட்டியோ காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, கூலிக்காரர் வயலில் இருக்கும் நேரத்தில், திறந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. மழை பொய்த்தால் ஊர் முழுக்கப் பொய்க்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வைப்பை எடுக்க வருவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தவணை கட்டாமல் நிற்பார்கள்; ஊர்ச் சேமிப்பை மட்டும் நம்பிய சங்கம் ஒரு வறட்சியில் கவிழும். இதை ரைஃபைசனே உணர்ந்திருந்தார். அதனால்தான் 1872-ல் சங்கங்களுக்குப் பொதுவான மைய வங்கி ஒன்றை நோய்வீட் நகரில் ஏற்படுத்தினார். ஆகவே நபார்டு மறுகடனை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் தேவைப்படும் தொகையை எந்த ஊரும் தன் சேமிப்பிலிருந்து மட்டும் எடுத்துவிட முடியாது. கேட்பது விகிதம் பற்றியது. மேலிருந்து வரும் பணம் ஊர்ப் பணத்தின்மீது கூடுதலாக நிற்க வேண்டும். இப்போது அதுவே அடித்தளமாக இருக்கிறது. அடுத்து, வறட்சிக்கு மருந்து பயிர்க் காப்பீடும் தவணைக் கால நீட்டிப்பும். தள்ளுபடி சொசைட்டியில் கடன் கிடைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பட்டா தன் பெயரில் இல்லாமல் கந்துவட்டிக்கு வாங்கிக் குத்தகை நிலத்தில் போட்டவர் அதே வறட்சியில் ஒரு ரூபாய் நிவாரணமும் பெறமாட்டார். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த பிறகுதான் பலருக்கு அப்படியொரு சட்டம் இருப்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, சாதி. ஊர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் ரைஃபைசன் திட்டம் போட்டார்; நம் ஊரில் ஊரும் சேரியும் தனி. உள்ளூர்க்காரர் கையில் அதிகாரம் கொடு என்பது, ஆதிக்கச் சாதியின் கையில் கொடு என்பதாகவே முடியும் என்று சொல்பவர்களை நான் அவ்வளவு எளிதில் மறுக்க மாட்டேன். அரசு உள்ளே வந்ததற்கே இது ஒரு நியாயமான காரணம். ஆனால் இன்றைய ஏற்பாடு யாரை வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். பயிர்க்கடனுக்குக் கேட்பது சிட்டா, அடங்கல். நிலமற்ற தலித்துக்கும் வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் நிலம் கணவன் பெயரில் உள்ள பெண்ணுக்கும் அங்கேயே கதவு மூடிக்கொள்கிறது. சேமிப்பைத் தகுதியாக வைத்தால் காட்ட வேண்டியது பாஸ்புக். ஓராண்டு விடாமல் போட்டவருக்கு அதன் பல மடங்கு கடன் என்ற விதிக்குப் பட்டா தேவையில்லை. உறுப்பினர் சேர்க்கையை மறுத்தால் தண்டனை, தணிக்கை, தேர்தல் மேற்பார்வை ஆகியவற்றில் அரசு கடுமையாகவே இருக்கட்டும். காவலுக்கு நிற்கட்டும், கல்லாவில் உட்கார வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி கடைசியாக வருவது. நாளை சொசைட்டி மூழ்கினால் போட்ட பணம் என்னாகும்? கேரளத்தில் தொடக்கச் சங்கங்கள் வைப்பு திரட்டுவதில் நாட்டிலேயே முன்னணி. அதே கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் சங்கத்தில், நூறு கோடிக்கும் மேற்பட்ட மோசடி 2021-ல் வெடித்தது. சிகிச்சைக்குக்கூடத் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் வைப்பாளர்கள் தவித்தார்கள். வங்கி வைப்புக்கு இருக்கும் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு இந்தச் சங்கங்களுக்குக் கிடையாது. அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கியே இதைச் சொல்லிப் பொதுமக்களை எச்சரித்தது. கேரள அரசின் வைப்பு உத்தரவாத நிதி ஒன்று உண்டு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆக, சேமிப்பு மட்டும் ஒரு சங்கத்தைக் காப்பாற்றாது என்பது கருவன்னூர் காட்டிய உண்மை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், பிடி கட்சிக்காரர்கள் நிறைந்த நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அமெரிக்காவும் இதே பாடத்தை வேறு பக்கமிருந்து படித்தது. ஊர் கிரெடிட் யூனியன்களின் உபரிப் பணத்தைத் திரட்டி முதலீடு செய்த மேல்மட்ட அமைப்புகள் வீட்டுக்கடன் பத்திரங்களில் சிக்கின. அவற்றில் மிகப் பெரிய இரண்டை 2009 மார்ச்சில் கட்டுப்பாட்டு அமைப்பு தன் கையில் எடுத்துக்கொண்டது. பணம் உறுப்பினர் கண்ணுக்கு எட்டாத தூரம் போன இடத்தில்தான் அடி விழுந்தது. ஆனாலும் சாதாரண உறுப்பினர் சேமிப்பு பறிபோகவில்லை. இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் சட்டப்படியான காப்பீடு 1970-களிலிருந்து வளர்ந்து வந்து அங்கே நின்றது. சங்கங்களே சேர்ந்து நிதி போட்டு நடத்தும் காப்பீடு அது.

அதுபோன்ற காப்பீடு ஒன்றும், போட்டவருக்கு வாக்கும். இந்த இரண்டும் இல்லாமல் ஊராரிடம் வைப்பு கேட்பது நேர்மையாகாது. இரண்டாவதைப் பற்றி 2005-லேயே விரிவாக எழுதியவர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் ஏ.வைத்தியநாதன். அவர் தலைமையிலான குழு, கடன் வாங்குபவர்களே வாக்காளர்களாகவும், பணம் போடுபவர்கள் பெயரளவு உறுப்பினர்களாகவும் இருக்கும் அமைப்பு கடன் வாங்குபவர் பக்கமே சாயும் என்றது. வைப்பாளர்களுக்கு முழு வாக்குரிமை, அரசுப் பங்குக்கு 25 சதவீத உச்சவரம்பு, நிர்வாகத்தில் அரசுத் தலையீட்டுக்கு முடிவு என்று பரிந்துரைத்தது. அதை ஏற்கும் மாநிலங்களின் சங்கங்களுக்கு மூலதனம் கொடுத்து உயிரூட்ட மத்திய அரசு 2006-ல் 13,596 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. பணம் வந்த வேகத்தில் சீர்திருத்தம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2001-ல் கலைக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்கு மாநிலம் முழுவதும் தேர்தல் முடிந்தது 2013-ல். இடையில் 2007-ல் தொடங்கிய தேர்தல் வன்முறையால் பாதியில் நின்றது. 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டு 2023-ல் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தனி அலுவலர் ஆட்சி ஊர் சொசைட்டியில் ஒரு முணுமுணுப்பையும் எழுப்பவில்லை. கேட்க ஆளில்லாமல் போனது தங்கள் பணம் என்று யாரும் நினைக்கவில்லை. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும் முன்பே உறுப்பினர் பட்டியலைத் திருத்தும் வேலை தொடங்க வேண்டும். நகைக்கடனுக்காக இணை உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களில், சேமிப்புக் கணக்கில் ஓராண்டு தொடர்ந்து பணம் போடுபவரை வாக்குள்ள உறுப்பினராக மாற்றும் ஒரு துணைவிதித் திருத்தம் போதும். அதற்குக் கோடிகள் தேவையில்லை, பதிவாளரின் ஒரு சுற்றறிக்கையும் அதைத் தடுக்காத ஓர் அமைச்சரும் தேவை.